அம்மாவின் பெயரில் ஒரு கடிதம்

ப்ராக்கெட் போட மாட்டேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இருக்கட்டும். அந்தப் பெயரை நான் கஷ்டப்பட்டுச் சம்பாதித்திருக்கிறேன், யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ப்ராக்கெட் என்றால் என்னவென்று இங்கே படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆங்கிலப் பாடத்தை ஒரு முறை வாசித்து முடித்ததும் டீச்சர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மூணாவது பாரா, ரெண்டாவது வரி, அங்க ஆரம்பிச்சு அஞ்சாவது வரியில முடிங்க, அதுதான் ஒண்ணாவது கேள்விக்கு ஆன்ஸர்” என்பார். நாற்பது பென்சில்கள் ஒரே நேரத்தில் கோடு இழுக்கும். பிள்ளைகள் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பதை மனப்பாடம் செய்வார்கள், பரீட்சையில் இறக்கி வைப்பார்கள், மறந்துபோவார்கள். கோட்டுக்கு வெளியே இருக்கும் வரிகளை அதற்குப் பிறகு ஒரு ஜீவனும் படிக்காது.

நானும் அப்படிக் கோடு இழுத்தே எம்.ஏ. வரைக்கும் வந்தவள்தான். அதனால்தான் இவ்வளவு கோபம். முதல் வகுப்பில் தேறிய பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வங்கியில் ஒரு படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவர் பிளஸ் டூ. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் பள்ளி. தனியார் பள்ளி, இங்கிலீஷ் மீடியம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நான் ஆங்கிலம். சுற்றி இரண்டு சக்கர வண்டிகளின் ஹாரன், பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. பட்டறையில் வேலை நடக்கும்போது நான் கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும். என் குரல் இப்படி ஆனதற்கு அந்தப் பட்டறையும் ஒரு காரணம், மீதி என் சுபாவம்.

ப்ராக்கெட்டை விட்ட பிறகு என்ன செய்வது என்று எனக்கே முதலில் தெரியவில்லை. ஒரு நாள் சும்மா சொல்லி வைத்தேன்: “வீட்ல இங்கிலீஷ்ல அச்சடிச்ச காகிதம் எது இருந்தாலும் நாளைக்குக் கொண்டு வாங்க.” மறுநாள் மேஜையில் குப்பை குவிந்தது. இருமல் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், செல்போன் கடை ரசீதின் பின்பக்கம், குக்கர் கேரண்டி கார்டு, பேருந்து டிக்கெட். கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதிப் போட்டேன். இதைச் சொல்வது யார்? யாருக்குச் சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்?

குக்கர் கார்டில்தான் வகுப்பு விழித்துக்கொண்டது. ஐந்து வருடம் கேரண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே எறும்பு அளவு எழுத்தில் ரப்பர் வளையம் கிடையாது, கைப்பிடி கிடையாது, விசில் கிடையாது, கீழே விழுந்தால் கிடையாது என்று ஒரு பட்டியல். ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள்: “அப்ப எதுக்குத்தான் மிஸ் கேரண்டி?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பதினைந்து வருட வேலையில் ஒரு ஆங்கிலத் தாளைப் படித்து எட்டாம் வகுப்பு சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவாள். மெதுவாகத்தான் படிப்பாள். ஒவ்வொரு வார்த்தையின் கீழும் விரல் வைத்துக்கொண்டு, புரியாவிட்டால் நகர மாட்டாள். மற்றவர்கள் ஒரு பக்கம் முடித்திருக்கும்போது இவள் நாலாவது வரியில் நிற்பாள். ஆனால் அந்த நாலு வரியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்டுப் பாருங்கள், பிட்டுப் பிட்டு வைப்பாள். முத்தியால்பேட்டைக்குக் கிழக்கே கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் வீடு. அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகிறவர், கடலுக்குப் போனால் நாலைந்து நாள் ஆகும். அம்மா எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது அவள் ஒருத்திதான்.

படிப்பதோடு திருத்துவதையும் சேர்த்துக்கொண்டேன். என் வகுப்பில் ரப்பர் கூடாது. எழுதியது தப்பென்று தோன்றினால் ஒரே கோடு, மேலே சரியானதை எழுது, பக்கத்தில் உன் இனிஷியலைப் போடு. என்ன நினைத்தாய், பிறகு எப்படி மனசை மாற்றிக்கொண்டாய் என்று இரண்டுமே தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை நோட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளை மார்க் போடக் கூடாது. ஒரு கேள்வி மட்டும் ஓரத்தில் எழுதலாம். “இது எனக்குப் புரியல, யாரு வந்தாங்க?” என்கிற மாதிரி. அந்தக் கேள்விக்குப் பதில் வருகிற வரைக்கும் எழுதியவர் திருத்த வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா நோட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, “நண்டு ஓடின மாதிரி இருக்குது மிஸ்” என்றார். “ஆமாம் சார், உள்ள நண்டு இருக்குதுன்னு அர்த்தம்” என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டு நேராகப் பிரின்சிபல் அறைக்குப் போனார். எங்கள் பிரின்சிபல் மேடம் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உங்களுக்கு வாய் ஜாஸ்தி மிஸ். ஃபேர் நோட் ஃபேராத்தான் இருக்கணும். மத்த செக்ஷன் நோட்டைப் பாருங்க, முத்து கோத்த மாதிரி” என்றார். பார்த்தேன். முத்து கோத்த மாதிரிதான் இருந்தது. நாற்பது நோட்டிலும் ஒரே முத்து, ஒரே வரிசை.

இதற்கெல்லாம் அந்தப் பெண்தான் விலை கொடுத்தாள். அதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் பள்ளியில் ஒரு செக்ஷன் விடைத்தாளை இன்னொரு செக்ஷன் டீச்சர் திருத்துவது வழக்கம். அரையாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி: பாடத்தில் வருகிற கிழவர் ஏன் கடலுக்குத் திரும்பிப் போனார்? ப்ராக்கெட் விடை, அவர் கடலை நேசித்தார் என்று பாடத்தில் வேறு இடத்தில் வருகிற வரி. இவள் எழுதியிருந்தாள்: “கிழவர் போனார் என்று பாடம் சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. வீட்டில் சண்டை நடந்தது, அதற்கு மறுநாள் போனார்.” பாடத்தை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பக்கத்து செக்ஷன் டீச்சர் சிவப்பு மையில் பெரிய பூஜ்யம் போட்டு, சொந்தமாக எழுதியிருக்கிறாள் என்று வேறு குறிப்பு எழுதியிருந்தார்.

ஆங்கிலத்தில் அவளுக்கு முப்பத்தொன்று. கணக்கில் அதைவிடக் குறைவு. அவள் கணக்கில் சுமார்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் முப்பத்தொன்று என்றால் அது என்னால் வந்தது. நான் ப்ராக்கெட் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அறுபது வாங்கியிருப்பாள்.

இப்போது லிஸ்ட் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி வாசலில் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வருடா வருடம் பேனர் கட்டுவார்கள். அந்த நூறு எப்படி வருகிறது தெரியுமா? எட்டாம் வகுப்பு முடிகிற சமயத்தில், பத்தாவதில் தேற மாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதுவார்கள். அதுதான் லிஸ்ட். பெற்றோரைக் கூப்பிடுவார்கள். பத்து நிமிஷம் பேசுவார்கள். பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். தேறாதவர்கள் யாரும் பள்ளியில் இல்லையென்றால் தேர்ச்சி நூறுதானே! இது ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, “இந்த வருஷம் எத்தனை?” என்று கேட்டுக்கொள்வோம். நானும் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த வருட லிஸ்டில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது.

“மேடம், அந்தப் பொண்ணு நல்லாப் படிக்கிறவ” என்றேன்.

பிரின்சிபல் மார்க் ஷீட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். “உங்க சப்ஜெக்ட்டையே பாருங்க மிஸ். முப்பத்தொண்ணு. நான் கரெஸ்பாண்டெண்ட்டுக்குப் பதில் சொல்லணும். ஒரு பிள்ளை ஃபெயிலானாலும் பேனர் போச்சு.”

வாய் ஜாஸ்தி என்று பெயரெடுத்தவள், பேச வேண்டிய நேரத்தில் ஊமையாக வெளியே வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் கடைசி பீரியட் முடிந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் என் மேஜைக்கு வந்தாள். பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

“மிஸ், ஆபீஸ்ல குடுத்தாங்க. அம்மா கையெழுத்து வாங்கிட்டு நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வரணுமாம்.”

“சரி, என்ன?”

“இது யாரு சொல்றது மிஸ்?”

நான் தாளை வாங்கினேன். ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. அதைத் தமிழில் சொல்கிறேன்: “மதிப்பிற்குரிய மேடம், என் மகளின் கல்வியில் தாங்கள் காட்டிய அக்கறைக்கு என் உளமார்ந்த நன்றி. தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், அவளை வேறு பள்ளியில் சேர்க்க முடிவு செய்துள்ளேன். மாற்றுச் சான்றிதழ் வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். இது தொடர்பாக எனக்கு எவ்வித மனக்குறையும் இல்லை.” கீழே அவள் அம்மா பெயர். அதற்கு மேலே கையெழுத்துக்குக் காலி இடம்.

“எங்கம்மா சொல்ற மாதிரி எழுதியிருக்குது” என்றாள் அவள். “ஆனா எங்கம்மா இப்படி சொல்லவே இல்ல மிஸ். அதுக்கு இந்த லெட்டர் இருக்கறதே தெரியாது. அப்பறம் குடும்ப சூழ்நிலைன்னு போட்டிருக்குது. எங்க வீட்ல இன்னா மிஸ் சூழ்நிலை? எல்லாரும் நல்லாத்தானே இருக்கறோம்?”

தாளை மேஜையில் விரித்து முதல் வரியை மறுபடி படித்தேன். அந்த ஆங்கிலம் எனக்குத் தெரியும். அந்த நன்றியும், தவிர்க்க முடியாத சூழ்நிலையும், எவ்வித மனக்குறையும் இல்லையும் என்னுடையவை. நான் இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் பிரின்சிபல் கூப்பிட்டு, “பேரண்ட்ஸ் டி.சி. கேட்டு லெட்டர் எழுதத் தெரியாம கஷ்டப்படுறாங்க மிஸ். ஒரு நல்ல டிராஃப்ட் போட்டுக் குடுங்க” என்றார். நான் உட்கார்ந்து மூன்று முறை திருத்தி எழுதினேன். மனக்குறை இல்லை என்கிற கடைசி வரியை நானாகத்தான் சேர்த்தேன், முடிவு மரியாதையாக இருக்கட்டும் என்று. “என்ன அழகா எழுதுறீங்க!” என்று அவர் சொன்னதும் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன். அந்தக் கடிதம் எதற்குப் பயன்படுகிறது என்று பிறகு எனக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? லிஸ்டும் தெரியும், கடிதமும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான்.

யார் சொல்வது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். வெட்கங்கெட்டவள்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் எழுதினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அதற்குப் பதிலாகச் சொன்னேன்: “இத வீட்டுக்கு எடுத்துட்டு போ. அம்மாகிட்ட வரி வரியா தமிழ்ல படிச்சுச் சொல்லு. ஒரு வார்த்தையும் விடாத. சொல்லி முடிச்சதுக்கு அப்பறம் கையெழுத்துப் போடறதும் போடாததும் அவங்க இஷ்டம்.”

“அம்மா கையெழுத்து போட்டா நான் போவணுமா மிஸ்?”

“ஆமா.”

“போடலன்னா?”

“தெரியல” என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன நேர்மையான பதில்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பியூன் அக்கா வகுப்புக்கு வந்து, கிளாஸ் டீச்சர் என்பதால் என்னையும் கூப்பிடுகிறார்கள் என்றார். பிரின்சிபல் அறைக்குள் போனேன். அவள் அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். புடவைக்கு மேல் கம்பெனியின் நீலக் கோட்டு, முடியை இழுத்துக் கொண்டை போட்டு மேலே வலை. மகள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“லெட்டரைக் கொண்டாந்தியாம்மா? கையெழுத்துப் போட்டாச்சா?” என்றார் பிரின்சிபல்.

“பாப்பா படிச்சு காட்டிச்சு மேடம்” என்றார் அம்மா. “நான் சொன்ன மாதிரி இன்னான்னாமோ எழுதியிருக்குது. நான் எப்ப மேடம் சொன்னேன்?”

“அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா. எல்லா பேரண்ட்ஸும் இதேதான் போடுவாங்க.”

“நான் மாத்திர கம்பெனில செக்கிங்ல இருக்கறேன். எனக்கு இங்கிலீஷு வராது. ஆனா உள்ள இருக்கற மாத்திர ஒண்ணு, டப்பா மேல ஒட்டியிருக்கற லேபிலு ஒண்ணுன்னா, எடுத்து தள்ளி வெச்சுருவேன். சூப்பர்வைசர் வந்து அவசரம் அனுப்புன்னு குதிச்சாலும் வுட மாட்டேன். எவனாவது துன்னுட்டு செத்து போயிட்டா யாரு பதில் சொல்றது? இந்த லெட்டரும் அப்படித்தான் இருக்குது மேடம்.”

பிரின்சிபல் குரலை மென்மையாக்கிக்கொண்டார். “இத பாரும்மா, உன் பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றோம். இங்க போட்டி ஜாஸ்தி. பக்கத்துல கவர்மெண்ட் ஸ்கூல் இருக்கு, பிரஷர் இல்லாம படிப்பா.”

“கவர்மெண்ட் ஸ்கூலு மட்டம்னு நான் சொல்லல. நான் அங்க படிச்சவதான். போவணும்னா நாங்களே போவோம். ஆனா நீங்க போன்னு சொல்லிட்டு, நாங்களே போறோம்னு எழுதாதீங்க. அது பொய்யி.”

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை, அழவில்லை. காய்கறிக் கடையில் அழுகின தக்காளியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

“அப்ப இதுல கையெழுத்துப் போட மாட்டியா?”

“போடறேன் மேடம். பாப்பா சரி பண்ணியிருக்குது. அதுல போடறேன்.” மகளைப் பார்த்து, “குடுடி” என்றார்.

அவள் தாளை மேஜையில் வைத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். டைப் அடித்த வரிகளின் மேல் பேனாவால் ஒரே கோடு. குடும்பச் சூழ்நிலை அடிபட்டிருந்தது. அதற்கு மேலே சின்னச் சின்ன எழுத்தில், பத்தாவதில் என் மகள் தேற மாட்டாள் என்று நீங்கள் நினைப்பதால். என் சொந்த விருப்பம் அடிபட்டு, உங்கள் விருப்பம். முடிவு செய்துள்ளேன் அடிபட்டு, முடிவு செய்யச் சொல்கிறீர்கள். கடைசி வரியில் இல்லை என்கிற ஒரு வார்த்தையை மட்டும் அடித்திருந்தாள். மனக்குறை இருந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் அவளுடைய இனிஷியல். ஓரிடத்தில் வினைச்சொல்லைத் தப்பாக எழுதியிருந்தாள். எழுதினால் எழுதிவிட்டுப் போகிறாள், எனக்கு அதைத் திருத்தத் தோன்றவில்லை.

பிரின்சிபல் முகம் சிவந்தது. தாளை எடுக்கக் கை நீட்டினார். அந்த அம்மாள் அதற்கு முன்னால் தன் கையை அதன் மேல் வைத்துவிட்டார்.

“இருங்க மேடம், நான் கையெழுத்து போடறேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு செராக்ஸ் எடுத்து எங்க வீட்டுக்கு.”

“இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?” பிரின்சிபல் கேட்டது அவர்களை அல்ல, என்னைப் பார்த்து.

எனக்கு அப்போது பயம் இருந்ததா என்று பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார். இருந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் மனசு ஓடியது. ஆனால் வாய் அதைக் கேட்கவில்லை.

“நான்தான் மேடம்” என்றேன். “படிக்கவும் நான்தான் சொல்லிக் குடுத்தேன், திருத்தவும் நான்தான். அதுக்குத்தானே என்னை வேலைக்கு வெச்சிருக்கீங்க?”

“மிஸ்!”

“இன்னொண்ணும் சொல்லிடறேன். இவங்க முன்னாடியே சொல்லிடறேன். இந்த லெட்டரை எழுதினதும் நான்தான். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் வருஷம் எழுதிக் குடுத்தேன். இனிமே எழுத மாட்டேன். யாராவது எழுதினாலும் என் கிளாஸ் பிள்ளைங்க படிக்காம அவங்க வீட்ல ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.”

பெரிய வீராங்கனை மாதிரி நிமிர்ந்து நின்றேன். அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். பாராட்டுகிற பார்வை இல்லை அது.

“நீங்களா மிஸ்?” என்றார். “இதுல எத்தினி பேரு கையெழுத்து போட்டிருப்பாங்க?”

எனக்குத் தெரியாது. வருடத்துக்கு நாலு பேரா, ஆறு பேரா, நான் எண்ணியதே இல்லை. ஸ்டாஃப் ரூமில் எத்தனை என்று கேட்டவள், சொன்ன பதிலை ஒரு முறைகூட ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்திருந்த கழுத்து தானாகக் குனிந்தது.

பிரின்சிபல் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். கையெழுத்தோடு அந்தத் தாளின் பிரதி ஒன்று வெளியே போனால் அது எங்கெல்லாம் போகும் என்று அவர் யோசித்திருப்பார். “ஒண்ணும் கையெழுத்துப் போட வேணாம். பாப்பா கிளாஸுக்குப் போகட்டும். ஒன்பதாவதுல பாத்துக்கலாம்” என்றார். தாளைத் தரச் சொல்லி இன்னொரு முறை கை நீட்டினார். அந்த அம்மாள் அதை நாலாக மடித்து நீலக் கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. “தேங்க்ஸ் மிஸ்” என்றாள்.

“எதுக்குடி தேங்க்ஸ்?” என்றார் அம்மா. “எழுதினதே இவங்கதானே.”

சொல்லிவிட்டு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனார். ஒரு வார்த்தை தப்பில்லை.

மறுநாள் எட்டாம் வகுப்பில் பாடப்புத்தகத்தை எடுக்க வேண்டாம் என்றேன். அந்தக் கடிதத்தை, என் பழைய நன்றியையும் சூழ்நிலையையும் மனக்குறையின்மையையும் ஒரு எழுத்து மாற்றாமல் கரும்பலகையில் எழுதினேன். அவள் பெயரையோ அவள் அம்மா பெயரையோ சொல்லவில்லை. “இத எழுதினது நான். ரொம்பத் தப்பு. எங்கெங்க தப்புன்னு நீங்க கண்டுபிடிங்க” என்றேன். முதல் கை உயர்ந்தது, பிறகு இன்னொன்று. மணி அடித்த பிறகும் விடவில்லை என்னை. அந்த வருடம் லிஸ்டில் இருந்த மற்ற பெயர்களில் இரண்டு குடும்பம் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டது, அதை என்னால் திருப்ப முடியவில்லை. மீதிப் பேர் வீட்டில் கடிதம் படிக்கப்பட்டது. படித்த பிறகு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

என்னை வேலையை விட்டு எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. அதற்கும் ஒரு கடிதம் வேண்டும், நான் படித்துப் பார்ப்பேன் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆனால் ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, ஸ்டாஃப் ரூமில் சில பேர் நான் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். பரவாயில்லை.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் அந்த வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பதில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் அவளையும் லிஸ்டில் இருந்த மற்றவர்களையும் உட்கார வைத்து, ஒரு கணக்கு டீச்சரைக் கெஞ்சிக் கூட்டி வந்து பாடம் நடத்துகிறோம். கணக்கில் இன்னும் சுமார்தான். போன வாரம் பிரின்சிபல் வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டார்: “நாளைக்கு அந்தப் பொண்ணு பத்தாவதுல ஃபெயிலானா பொறுப்பு யாரு மிஸ்? நீங்களா?”

“நான்தான் மேடம்” என்றேன். “தேறுவாளான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஃபெயிலானாலும் இங்க உக்காந்து பரீட்சை எழுதித்தான் ஃபெயிலாவா.”